மிதவைக்கு அப்பால் திமிங்கிலம்

மார்ச் 11, செவ்வாய்

வெயில். காற்று இல்லை. கல்குடாக் கடல் தட்டையாகக் கிடக்கிறது.

உறுதியான செய்தி: திமிங்கிலங்கள் வந்துவிட்டன. இரண்டு. நேற்று விடியும் நேரம். கண்டவர் சாமித்தம்பி (இனி சா.), கல்குடா மீனவர், சொந்த வள்ளம், எனக்கு இருபது வருடப் பழக்கம். இடம் கேட்டேன்.

"கரையெல்லாம் மறஞ்சு குடும்பிமலை மட்டும் தெரியிற இடம் ஐயா. வள்ளத்துக்குப் பக்கத்தில வந்து மூச்சு விட்டுது. என்ன நாத்தம்! நம்மட மாமிட வாய் தோத்துப் போகும்."

கொழும்பிலிருந்து பத்திரிகை ஆசிரியர், தொலைபேசியில். இருபத்து மூன்றாம் திகதி ஞாயிறு இதழுக்கு நடுப்பக்கம், வண்ணம். சண்டை நிறுத்தம் வந்து ஓராண்டு, இனிச் சனம் ஊர் பார்க்க வருமாம். "போர் கீர் ஒரு வரியும் வேணாம் அண்ணன். கடல், வால், சிரிக்கிற மூஞ்சி. போதும்." சனி வருவோர்: படப்பிடிப்பாளர், பாசிக்குடாவில் இடிந்த ஓட்டல் ஒன்றைத் திருத்தப் போகும் ஒருவர்.

தேவை: கடற்பாஸ் (கடலில் இறங்கக் கடற்படை தரும் அனுமதி). மிதப்பு அங்கி 4. பெற்றோல். ஓட்டல்காரர் சாய்ந்திருக்க ஏதாவது. (வள்ளத்தில்!) தங்க இடம் வாழைச்சேனையில். பாசிக்குடாவில் கூரையுள்ள அறை இல்லை.

மார்ச் 12, புதன்

கரையில் கடற்படை முகாமில் பாஸ் விண்ணப்பம். மூன்று பிரதி. ஏழாம் கட்டம்: பயணத்தின் நோக்கமும் ஆதாரமும். படகோட்டி சா. எங்கே, எப்போது, எதைக் கண்டார் என்று எழுதினேன். நாள், நேரம், மலை, எல்லாம். முப்பது வருடத்தில் ஆதாரமில்லாமல் ஒரு வரி எழுதியதில்லை.

அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. எழுதுவினைஞர் வாசித்துச் சிங்களத்தில் சொன்னார். ஏழாம் கட்டத்தை மட்டும் இரண்டு தடவை சொல்லச் சொன்னார் அதிகாரி. பிளேன்டீ வந்தது. "மிகத் தெளிவாக எழுதுகிறீர்களாம்" என்றார் எழுதுவினைஞர்.

மகிழ்ச்சியாக இருந்தது.

மார்ச் 13, வியாழன்

மப்பு வானம். காலை ஆறு மணிக்கு இறங்குதுறையில் சா.வைப் பிடித்துவிட்டார்கள். வள்ளமும் எஞ்சினும் முகாமில். ஆதாரம்: அவர் மனைவி பூரணம். எட்டு மணிக்கு என் வீட்டு வாசலில். அழவில்லை.

"மிதவையத் தாண்டிப் போனதாம். அங்க ஆரக் கண்ட, என்னத்தக் குடுத்த எண்டு கேக்கிறாங்களாம். ஐயாட கையெழுத்துக் கடதாசியக் காட்டினாங்களாம்."

"நான் திமிங்கிலத்துக்காகத்தான் புள்ள..."

"அவர் உங்களுக்குத் திமிங்கிலத்தக் காட்டினார். நீங்க அவங்களுக்கு அவரக் காட்டிட்டீங்க."

கடற்படை எல்லையாகப் போட்ட மிதவைக்கு உள்ளே நின்றால் கரைத் தென்னைகள் தெரியும். மலை மட்டும் தெரிய வேண்டுமென்றால் தாண்டியிருக்க வேண்டும். தாண்டுவது தடை; அப்பால் புலிகளின் படகு வரும் என்று சந்தேகம். எல்லோரும் தாண்டுகிறார்கள், மீன் அங்கேதான். ஒருவரும் வெளியில் சொல்வதில்லை. இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஏழாம் கட்டம் பலவீனமாக இருக்கக் கூடாது என்று மட்டுந்தான் நினைத்தேன்.

இறங்குதுறைக்குப் போனேன். சிலர் வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன்:

"என்னகா பேப்பர்க்காரர், மறுகா சுறா பாக்கப் போறீங்களா? அதுக்கு ஆர்ட பேர எழுதப் போறீங்க?"

சிரிப்பு. பக்கத்தில் இருந்தவன், வலையிலிருந்து தலை தூக்காமல்: "என்ட பேர எழுதிராதீங்க. வீட்ட கட்டிக் குடுக்காத ரெண்டு குமர் கிடக்கு."

இதற்கு யாரும் சிரிக்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

முகாம். வாசல் வாங்கில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அதிகாரி மரியாதையானவர். கதிரை தந்தார். நான் எழுதியது பிழை என்றால் அதையும் எழுதித் தரலாம், இன்றே பார்க்கலாம் என்றார்.

எழுதினேன். சா. அப்படிச் சொல்லவில்லை, இடம் என் கற்பனை. கையெழுத்து. தொழிலில் என் முதல் பொய். இரண்டு நிமிடம் எடுத்தது.

அதிகாரி இரண்டு கடதாசிகளையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தார். முதலாவதை மட்டும் எடுத்து எழுதுவினைஞரிடம் கொடுத்து உள்ளே அனுப்பினார். சா.விடம் ஒரே கேள்வி: இதில் ஐயா எழுதியிருப்பது பொய்யா?

எழுதுவினைஞர் திரும்பி வந்து என்னைப் பார்க்காமல் சொன்னார். "ஐயா பொய் எழுதுற ஆள் இல்ல எண்டுறார். தாண்டினது உண்மைதானாம்."

அதிலேயே சா.வின் கையெழுத்தும் வாங்கியாயிற்று.

புறப்படும்போது பாஸ் கிடைத்தது. ஞாயிறு ஐந்து முதல் பத்து வரை, மிதவைக்கு அப்பாலும் போகலாம். படகோட்டி என்ற இடத்தில் சா.வின் பெயர், குறுக்கே ஒரு கோடு. வேறு ஆள் பிடிக்கச் சொன்னார் அதிகாரி.

மார்ச் 15, சனி

இரவு தூறல். ஆசிரியருக்குச் சொன்னேன். "ஐயோ பாவம். வேற வள்ளம் இருக்கா?" ஓட்டல்காரர் வந்திறங்கிய கையோடு வாழைச்சேனையில் ஒன்று பிடித்துவிட்டார். சா. விஷயத்தைச் செய்தியாகத் தருகிறேன் என்றேன். "திமிங்கிலம் வாற இதழிலயா அண்ணன்?"

பிறகு பூரணத்திடம் போனேன். செய்தி வந்தால் விடுவார்களோ என்று ஒரு யோசனை.

"இனி அவரப் பத்தி ஒரு எழுத்தும் எழுதாதீங்க. உங்கட காலுல விழுறன்."

விழவில்லை. கதவைச் சாத்தினாள்.

மார்ச் 16, ஞாயிறு

வெயில். நான் போகவில்லை. பத்துக்குள் திரும்பிவிட்டார்கள். திமிங்கிலம் மூன்று, வால் படம் மிகத் தெளிவு. ஆதாரம்: படப்பிடிப்பாளர். ஓட்டல்காரர் இரண்டு தடவை வாந்தி, ஆனால் பெரிய சந்தோஷம். படத்தின் கீழ் போட ஒரு வரி கேட்கிறார்கள். எந்த இடம் என்று சரியாக வேண்டுமாம். கல்குடாக் கடல் என்று கொடுத்தேன்.

தெரியாதவை: சா. இன்னும் இங்கேயா, மட்டக்களப்புக்கு ஏற்றிவிட்டார்களா. சா.வை விடுவதா என்று மேலிடத்துப் பதில் நாளை பத்து மணிக்கு, எழுதுவினைஞர் சொன்னது. பூரணம் ஏழுக்கே முகாம் வாசலுக்குப் போகிறாளாம். என்னை அந்தப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லியனுப்பியிருக்கிறாள்.