பெட்ஷீட்டின் மறுமுனை

ஆவணி 16, திங்கள்

சாரல் குறைந்துவிட்டது. துண்டுகள் காய்கின்றன. சந்தோஷப்பட ஒன்றுமில்லை. சாரல் நின்றால் குற்றாலத்துக்கு ஆள் வராது, எங்கள் லாட்ஜில் அறைகள் காலி.

மேனேஜர் கூப்பிட்டார். "சீசன் முடியுது. ஹவுஸ்கீப்பிங்ல ஒரு ஆளைக் குறைக்கணும். ஏழு பேர்ல யாருன்னு வெள்ளிக்குள்ள சொல்லுங்க. சூப்பர்வைசர் நீங்கதானே."

ஆமாம், நான்தான். சித்திரை வரை நானும் அவர்களில் ஒருத்தி. எட்டுப் பேர், நாலு ஜோடி. பெட்ஷீட் விரிக்கவும் மடிக்கவும் இரண்டு பேர் வேண்டுமே. என் ஜோடி பேச்சி. என்னை சூப்பர்வைசர் ஆக்கியதும் அவள் தனி.

வெளியே வரும்போது மேனேஜர் மெதுவாக, "ஜோடி இல்லாம ஒருத்தங்க இருக்காங்கல்ல?"

காதில் விழாத மாதிரி வந்துவிட்டேன்.

வாங்க வேண்டியவை: பினாயில், மாப் 2, சின்னவளுக்குச் செருப்பு.

ஆவணி 17, செவ்வாய்

மூன்றாம் மாடி முழுக்க எண்ணெய். அருவிக்குப் போக உடம்பெல்லாம் தேய்த்துக்கொண்டு நேரே கட்டிலில் உட்காருகிறார்கள், மகராசர்கள்.

வராந்தாவில் பேச்சி ஒற்றை ஆளாக பெட்ஷீட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். போய் மறுமுனையைப் பிடித்தேன். கை எதையும் மறக்கவில்லை. முன்பெல்லாம், "ஏட்டி, நேரா பிடிட்டி" என்பாள். இன்று, "போதும் மேடம்."

படி இறங்கும்போது மாரியம்மாள் குரல்: "கறை இருக்கான்னு நோட்டம் பாக்க வாரா. நமக்குத் தெரியாதாக்கும்."

யாரோ சிரித்தார்கள். எரிச்சல். அழுகையும்தான்.

ஆவணி 18, புதன்

நேற்று நான் பெட்ஷீட் பிடித்ததை வராந்தா கேமராவில் பார்த்துவிட்டாராம் மேனேஜர். "சூப்பர்வைசரே பெட்ஷீட் மடிச்சா வேலை வாங்குறது யாரு?"

மதியம் 'டீம் ஒர்க்' வகுப்பு. டை கட்டிய ஒருவர் வந்தார். எல்லோரும் வட்டமாக நின்று கை கோர்க்க வேண்டுமாம். என் இரண்டு பக்கமும் யாரும் வரவில்லை. கடைசியில் ஒரு கையை டைக்காரர் பிடித்தார், மறு கையை மேனேஜர். நல்ல கூட்டணி.

வீட்டில், "பழைய வேலைக்கே போயிருதேன்" என்றேன்.

இவர்: "வீரகேரளம்புதூர் வரைக்கும் சொல்லியாச்சு, எம்பொண்டாட்டி சூப்பர்வைசர்னு. வெளையாடுதியாட்டி?"

முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது.

ஆவணி 19, வியாழன்

ஒரு யோசனை. யாரையும் நிறுத்த வேண்டாம், ஏழு பேரும் முறை வைத்து லீவு எடுக்கட்டும். மேனேஜரிடம் சொன்னேன். தலையாட்டினார். "அவங்ககிட்ட தனித்தனியா பேசிப் பாக்குறேன்."

அப்பாடா. இரண்டு இட்லி கூடுதலாக இறங்கியது.

ஆவணி 20, வெள்ளி

மேனேஜர் முகமெல்லாம் சிரிப்பு. "யாரைக் குறைக்கலாம்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டேன். எல்லாரும் ஒரே பேர்தான் சொன்னாங்க."

பேச்சியைத்தான் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன்.

"உங்க பேர். சூப்பர்வைசர் இல்லாம நாங்களே பாத்துக்குவோம்னு."

எல்லாரும். பேச்சியும்.

"பயப்படாதீங்க. அத்தனை பேருக்கும் உங்களைப் பிடிக்கலைன்னா நீங்க வேலையைச் சரியா வாங்குறீங்கன்னு அர்த்தம். உங்களைப் பெர்மனென்ட் பண்ணச் சொல்லிட்டேன். லீவு யோசனையெல்லாம் சரிவராது. சாயங்காலம் அந்தப் பேர் வேணும்."

"நன்றி சார்" என்றேன். வேறென்ன சொல்ல.

கோபத்தில் பேச்சி பெயரையே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. சத்தியமாகத் தோன்றியது.

மூன்றாம் மாடியிலிருந்து அவள் சத்தம்: "மேடம், இங்கன மறுமுனை பிடிக்க ஆளு இல்ல. செத்த வாங்க."

கேமராவுக்கு நேராகத்தான் நின்றிருந்தாள். பேர் எதுவும் கொடுக்காமல் மேலே போனேன். பிடித்தேன்.

"நேரா பிடிங்க மேடம்" என்றாள்.