எந்த வேதாகமத்தைப் பையில் வைப்பது

மருமகள் போன வாரமே ஆஸ்பத்திரிக்கான பையை அடுக்கத் தொடங்கிவிட்டாள். வரும் புதன்கிழமை தஞ்சாவூரில் எனக்கு இருதய ஆபரேஷன். "எந்த பைபிளை வைக்கட்டும் மாமா?" என்று கேட்டாள். மேசையில் இரண்டு இருந்தன, சிநேகிதா: என்னுடைய புதிய மொழிபெயர்ப்பு, நீ விட்டுப்போன பழையது. உன்னுடையதைத் திறந்தேன். தாள்களுக்கு நடுவிலிருந்து மூக்குப்பொடி வாசனை எழுந்தது. மூடி மேசையிலேயே வைத்தேன்.

எதையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் நான் எடுப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். விடைத்தாள் திருத்தியே வளர்ந்த பழக்கம். ஞாயிறு ஆராதனை முடிந்து குடவாசலில் உன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் கையில் கோடு போட்ட நோட்டு இருக்கும். இடப்பக்கம் பழைய மொழிபெயர்ப்பு, வலப்பக்கம் புதியது. நீ படிப்பதில் பாதி வார்த்தைகளுக்கு உனக்கே பொருள் தெரியாது என்று நிரூபிப்பேன். நீ ஒரு சிட்டிகை பொடியை இழுத்துவிட்டுச் சொல்வாய்: "அர்த்தத்தையெல்லாம் நீயே வச்சுக்கடா வாத்தி. பயம் வந்தா எனக்கு வாயில வர்றது இதுதான்."

அதை மறந்ததுதான் என் தவறு. பக்கவாதம் வந்து நீ பேச்சிழந்து கிடந்தபோது, நோயாளிக்கு எளிய தமிழே நல்லது என்று தீர்மானித்து என் புத்தகத்தைக் கொண்டுவந்தேன். வேதாகமத்தில் நீ தினமும் சொல்லும் சங்கீதப் பாடலைத்தான் படித்தேன். முதல் இரண்டு வரிகள் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். உன் உதடுகள் சத்தமில்லாமல் கூடவே அசைந்தன. சொற்கள் மாறிய மூன்றாம் வரியில் நின்றுவிட்டன. உன் பார்வை ஜன்னலுக்குப் போனது. வெளியே வயலில் அறுவடை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம்தான் இடைஞ்சல் என்று நினைத்து, குரலை உயர்த்திக் கடைசிவரை படித்தேன். உன் புத்தகம் தலையணைக்குப் பக்கத்திலேயே இருந்தது. மறுநாள் காலை நீ இல்லை.

உனக்குக் களைப்பாக இருந்திருக்கலாம் என்று எனக்கே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். அடக்கம் முடிந்த பிறகு உன் மனைவி இந்தப் புத்தகத்தை என்னிடம் கொடுத்து, "கடைசியா இத யாரும் அவங்களுக்குப் படிக்கலையேண்ணே" என்றார். அதில் குற்றம் சாட்டும் குரல் இல்லை. இருந்திருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

இப்போது பயம் எனக்கு வந்திருக்கிறது. கண்ணை மூடி அந்தச் சங்கீதத்தைச் சொல்லிப் பார்த்தேன். ஒரு சொல் உன்னுடையதிலிருந்து வருகிறது, அடுத்தது என்னுடையதிலிருந்து. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. இத்தனை வருடம் இரண்டையும் ஒப்பிட்டவனுக்கு வாயில் எதுவும் தங்கவில்லை. ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது புத்தகத்தையும் வாங்கி வைத்துவிடுவார்களே.

மருமகளிடம் உன்னுடையதையே வைக்கச் சொன்னேன். "ஒருவேளை எனக்குப் பேச்சு வராமப் போனா, நீ படிம்மா. படிக்கிறப்ப என் உதட்டப் பாரு" என்றேன். "அப்படியெல்லாம் ஒண்ணும் ஆகாது மாமா" என்றாள். ஆனால் புத்தகத்தைப் பையில் வைக்கவில்லை. என் எதிரே உட்கார்ந்து, விரித்துப் பிடித்துக்கொண்டு, "சொல்லுங்க, பாப்போம்" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் ஒப்பிக்கிறேன். நேற்று உன் உதடு நின்ற இடம்வரை வந்துவிட்டேன். அந்த மூன்றாம் வரியைப் பழைய சொற்களில் சொல்ல வாயெடுத்தேன். உனக்குச் சொல்லியிருக்க வேண்டியது அது. குரல் எழவில்லை. மருமகள் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமைக்கு இன்னும் மூன்று மத்தியானம் இருக்கிறது.