நான்கு மணி நேரத்துக்கு வேண்டிய சாமான்கள்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

நானும் அப்பாவும் நலமாக இருக்கிறோம். இதை நான் கைப்பழக்கத்தில் எழுதவில்லை, இன்று காலை எடை பார்த்து, பிரஷர் பார்த்து, டாக்டர் தலையாட்டிய பிறகு எழுதுகிறேன், அதனால் நீ தாராளமாக நம்பலாம். நீயும் உன்னோடு அந்த மலையில் சுரங்கப்பாதை குடைகிறவர்களும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். போனில் சொல்லாமல் இதென்ன புதிதாகக் கடிதம் என்று நினைப்பாய். போனில் என்றால் நீ நடுவில் புகுந்து கேள்வி கேட்பாய், நான் பேச்சை மாற்றிவிடுவேன், இத்தனை மாதம் அப்படித்தானே ஓட்டினோம். காகிதத்தில் நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் நீ குறுக்கே பேச முடியாது. ஒரு இடத்தில் உட்கார்ந்து படி.

உன் சிநேகிதன் விடுமுறைக்கு வந்தபோது அவனிடம் நீ கொடுத்தனுப்பிய கேம் பெட்டியைப் பற்றித்தான் எழுத வந்தேன். அதற்கு என்னென்ன வாங்க வேண்டும் என்று நீ அனுப்பிய பட்டியலில் பதினெட்டு சாமான்கள் இருந்தன. கண்ணா, பிளக்கும் ஸ்விட்சும் செய்கிற கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் செக்கிங் மேஜையில் உட்கார்ந்தவளிடம் பதினெட்டு சாமானைக் கொடுத்தால் அவள் பதினெட்டையும் வாங்கிவிடுவாளா. எதை எடுத்தேன், எதைத் தள்ளினேன் என்று சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் உன்னிடம் மறைத்த ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் கடைக்குப் போன கதை உனக்குப் புரியாது.

வாரத்தில் மூன்று காலை டயாலிசிஸ் என்பது உனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் என்பதும் தெரியும். நான்கு மாதமாக நான் பல நாள் மூன்று மணி நேரத்திலேயே எழுந்து வந்துகொண்டிருந்தேன் என்பது தெரியாது. வலி என்று சொல்ல மாட்டேன், ஊசி குத்தும்போது இருக்கிற வலி ஐந்து நிமிஷத்தில் போய்விடும். இடது கையில் இரண்டு ஊசி, அந்தக் கையை மடக்கக் கூடாது, தலைக்கு மேலே குழல் விளக்கு, எதிரே கடிகாரம். மூன்றாவது மணி முடிந்ததும் அந்தக் கடிகாரத்தைக் கழற்றி வீசலாமா என்று தோன்றும். புத்தகம் பிடித்தால் ஒரு கையால் பக்கம் திருப்ப முடியாது, டீவி பார்க்கலாமென்றால் அது எதிர் வரிசைக்காரர்கள் பக்கம் திரும்பியிருக்கிறது. சிஸ்டரைக் கூப்பிட்டுப் போதும் கழற்றுங்கள் என்பேன். சொந்த விருப்பத்தில் முன்னதாக நிறுத்திக்கொள்கிறேன் என்று ஒரு தாள் நீட்டுவாள், கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவேன். அப்பாவிடம் எல்லாம் சரியாகப் போகிறது என்று சொல்லிவைத்தேன்.

ஒருநாள் கம்பெனியில் மாடிப்படி ஏறும்போது பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மூச்சு உள்ளே போகவில்லை. பையைப் பிடித்துக்கொண்டு வந்த பெண்கள்தான் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். மெஷின் முழுதாக இறக்காமல் விட்ட நீர் நுரையீரலில் கோத்திருந்தது. போன் தண்ணீரில் விழுந்துவிட்டது, இரண்டு நாள் பேச முடியாது என்று அப்பா உன்னிடம் சொன்னாரே, போனுக்கு ஒன்றும் ஆகவில்லை, விழுந்தது நான்தான். அச்சகத்தில் பிழை திருத்துகிற மனுஷர், ஒரு எழுத்துத் தப்பினாலே தாங்க மாட்டார், நான் கெஞ்சியதால் உன்னிடம் முழுப் பொய் சொன்னார், அவரைக் கோபிக்காதே. டாக்டர் பெரிதாக ஒன்றும் திட்டவில்லை. சிஸ்டர்தான் என் ஃபைலைக் கொண்டுவந்து மடியில் வைத்து, "பத்தொன்பது கையெழுத்து இருக்கும்மா, நீங்களே எண்ணிப் பாருங்க" என்றாள். எண்ணினேன். எங்கள் மேஜையில் நான்கு மணி நேரம் சூட்டில் வைத்துச் சோதிக்க வேண்டிய பிளக்கை மூன்று மணி நேரத்தில் எடுத்து முத்திரை குத்துகிறவளை நான் ஒரு நாள்கூட வைத்துக்கொண்டிருக்க மாட்டேன். என் உடம்புக்கு நானே பத்தொன்பது தடவை அப்படி முத்திரை குத்தியிருக்கிறேன். அவமானமாக இருந்தது.

அது நடந்து ஒரு வாரத்தில் உன் பெட்டி வந்தது. இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று நினைத்தேன், ஆனாலும் டயாலிசிஸ் போகும்போது பையில் வைத்துக்கொண்டேன். முதல் நாள் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன், இடது முழங்கை தானாக மடங்கியது, மெஷின் கத்தியது, சிஸ்டர் ஓடி வந்தாள். இன்னொரு தடவை கையை மடக்கினால் பெட்டியைப் பிடுங்கி அலமாரியில் பூட்டிவிடுவேன் என்று மிரட்டிவிட்டுப் போனாள். அவள் திரும்பியதும் நான் பெட்டியைக் கவனமாகப் பார்த்தேன். இரண்டு பக்கமும் பிடிக்கிற பகுதி கழன்று தனியாக வருகிறது. ஒன்று வலது கையில், இன்னொன்று நீட்டிய இடது கையின் விரல்களுக்குள், திரை மட்டும் எதிரே நிற்க வேண்டும். அப்படியானால் இது நடக்கும், சாமான்தான் சரியாக அமைய வேண்டும் என்று பட்டது.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மாடியில் ஒரு கடை. நடத்துகிறவள் என் வயதுக்காரி, மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவைத்துக்கொண்டு அதையே தேடுகிற ரகம். பட்டியலைப் பார்த்துவிட்டுப் பேரனுக்கா என்று கேட்டாள். எனக்குத்தான் என்றேன். ஒரு நிமிஷம் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நாற்காலி போட்டாள். முதலில் ஸ்டாண்டு. நீ எழுதியிருந்த மடிக்கிற பிளாஸ்டிக் ஸ்டாண்டை மேஜையில் வைத்து, பெட்டியை அதில் நிறுத்தி, விரல் முட்டியால் மேஜையை ஒரு தட்டு தட்டினேன், குப்புற விழுந்தது. ஆஸ்பத்திரி மேஜைக்குச் சக்கரம் உண்டு, யாராவது இடித்துக்கொண்டேதான் போவார்கள். அடுத்து கொக்குக் கழுத்து மாதிரி வளைகிற ஒன்று, மேஜை விளிம்பில் கவ்விக்கொள்ளும். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பத்து நிமிஷம் அப்படியே விட்டுவையுங்கள் என்றேன். ஆறாவது நிமிஷத்திலேயே தலை தொங்கிவிட்டது, கடைக்காரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் உள்ளேயிருந்து ஒரு இரும்பு ஸ்டாண்டு எடுத்து வந்தாள், நல்ல கனம், அடியில் ரப்பர், சாய்வை மாற்றிக்கொள்ளலாம். பெட்டியின் சார்ஜ் துளை அடிப்பக்கம் இருக்கிறதே, அந்த இடத்தில் ஸ்டாண்டில் இடைவெளி விட்டிருந்தது. செய்தவனுக்குப் புத்தி இருக்கிறது என்று சொல்லி எடுத்துக்கொண்டேன்.

மெஷின் பக்கத்துப் பிளக்கில் எதையும் சொருகக் கூடாது என்பது ஆஸ்பத்திரி விதி, அதனால் பவர்பேங்க் கட்டாயம். மேலே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிற பெரிய எண்ணை நம்பாதே, அது எவ்வளவு கொள்ளும் என்பதுதான், எவ்வளவு வேகமாகக் கொடுக்கும் என்பது பின்பக்கம் எறும்பு எழுத்தில் வாட் கணக்கில் இருக்கும். அது குறைவாக இருந்தால் ஒரு பக்கம் ஏற ஏற இன்னொரு பக்கம் விளையாடியே தீர்ந்துவிடும். மூன்றைக் கம்பெனிக்கு எடுத்துப் போய் மீட்டரில் வைத்துப் பார்த்துவிட்டு இரண்டைத் திருப்பித் தருகிறேன் என்றேன், சரி என்றாள், அந்த நம்பிக்கைக்காகவே இனி வேறு கடை ஏற மாட்டேன். வயர் இரண்டு மீட்டர், முனை மடங்கி இருக்கிற மாதிரி. நூல் பின்னிய பளபளப்பு வயரின் கழுத்தைப் பிடித்து ஐம்பது தடவை ஆட்டினேன், முப்பதிலேயே தளர்ந்தது, தள்ளிவிட்டேன். திரைக்கு ஒட்டுகிற கண்ணாடி பளபள என்று வேண்டாம், மேலே இருக்கிற குழல் விளக்கு முழுக்க அதில்தான் தெரியும், மங்கலான தாள்தான் சரி. அப்பா ஒட்டினார், நடுவில் நாலு குமிழி. நான் குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, ஆவியில் தூசி அடங்கின பிறகு இன்னொன்றை ஒட்டினேன், அதில் ஒரு குமிழிகூட இல்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டார். வெளிச்சத்தமே கேட்காத ஹெட்போன் எழுதியிருந்தாய், அது கூடவே கூடாது, மெஷின் கத்தினால் எனக்குக் கேட்க வேண்டும், வலது காதுக்கு மட்டும் வயர் இல்லாத ஒன்று போதும். பையும் துணி வைத்தது ஆகாது, சிஸ்டர் எல்லாவற்றையும் மருந்துத் தண்ணீரில் துடைத்துத்தான் உள்ளே விடுவாள், துடைத்தால் காய்கிற கெட்டிப் பெட்டியாக வாங்கினேன். மின்னுகிற உறை, குட்டி விசிறி, கலர் விளக்கு எல்லாம் ஃபெயில்.

ஒன்றில் மட்டும் நான் தப்பு செய்தேன். கட்டைவிரல் வைக்கிற இடத்துக்கு ரப்பர் தொப்பி எழுதியிருந்தாயே, அலங்காரம் என்று தள்ளிவிட்டேன். இரண்டாவது மணியில் என் விரல் நுனி மரத்துப்போகும், விரல் எங்கே இருக்கிறதென்றே தெரியாமல் வழுக்கிக்கொண்டு போனது. மறுநாளே போய் உயரமான தொப்பியாகப் பார்த்து வாங்கி வந்தேன். அதை எதற்கு எழுதினாய் என்று அப்புறம்தான் புரிந்தது, விரல் மரத்துப்போகிறதென்று ஒரே ஒரு தடவை உன்னிடம் சொல்லியிருக்கிறேன், நீ மறக்கவில்லை.

பிறகு ஒரு தடவை போய் இன்னொன்றும் வாங்கினேன், உன் பட்டியலில் நான் முதலில் அடித்த ஸ்டியரிங் வளையம். அது எனக்காக அல்ல. என் பக்கத்து நாற்காலிக்காரர் முப்பது வருஷம் லாரி ஓட்டியவர், அந்த இடத்தில் யாரோடும் பேச மாட்டார், நான் கையெழுத்துப் போட்டால் அவரும் கையெழுத்துப் போடுவார். நான் கார் பந்தயம் ஓட்டுவதை மூன்று நாள் ஓரக்கண்ணால் பார்த்தார். நாலாவது நாள் பொறுக்க முடியாமல், "வளைவுக்குள்ள போய் பிரேக் போடாதீங்கம்மா, வளைவு வர்றதுக்கு முன்னாடியே போட்டுடுங்க" என்றார். அவர் சொன்ன மாதிரி போட்டேன், அன்றுதான் முதல் தடவையாகச் சுவரில் மோதாமல் சுற்றி வந்தேன். ஸ்டியரிங் வளையம் ஜோடியாகத்தான் கிடைக்கும், உள்ளே கையில் பிடிக்கிற பகுதியைப் பொருத்திவிட்டால் ஒரு கையால் திருப்பினால் போதும், வேகம் தானாக எடுக்கும்படி வைக்கலாம் என்பதை அப்பா வழிகாட்டிப் புத்தகத்தைப் படித்து, அதில் இருந்த ஏழு எழுத்துப் பிழைகளையும் குறித்துவிட்டு, கண்டுபிடித்துச் சொன்னார். மேஜையை இரண்டு நாற்காலிக்கும் நடுவில் தள்ளி, சிஸ்டர் வளையத்தைத் துடைத்து அவர் கையில் கொடுத்தாள். பன்னிரண்டு வண்டியில் அவர் பன்னிரண்டாவதாக வந்தார். ஹாரன் எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தார், முந்துகிறவர்களுக்கு வழி விட்டார். முடிந்ததும் என் பக்கம் திரும்பி, "வண்டில ஒரு கீறல் இல்ல, பாத்தீங்களா" என்றார். சிரித்த சிரிப்பில் என் பிரஷர் ஏறி மெஷின் மறுபடி கத்தியது.

அரை மணிக்கு ஒரு தடவை வலது கையில் கட்டிய பிரஷர் பட்டை இறுகும், அப்போது ஆட்டத்தை நிறுத்தித்தான் ஆக வேண்டும், அதற்கு எந்தக் கடையிலும் சாமான் கிடையாது. மற்றபடி ஏழு வாரமாக நானும் அவரும் ஒரு கையெழுத்தும் போடவில்லை. நான்காவது மணி இன்னமும் சுலபமாக இல்லை, கால் இழுக்கும், குளிரும், ஆனால் முடித்துவிட்டுத்தான் இறங்குகிறேன். கம்பெனி மாடிப்படியை நேற்று நிற்காமல் ஏறினேன். ஆகவே வேலையை விட்டுவிட்டு வந்துவிடட்டுமா என்று போன மாதம் கேட்டாயே, எனக்காக வராதே. நான் பார்த்துக்கொள்வேன். இதை உறுதியாகச் சொல்கிறேன்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். பெட்டிக்குள் உன் கணக்கை நாங்கள் கலைக்கவில்லை, அப்பா எனக்குத் தனியாக ஒன்று போட்டுக் கொடுத்தார். போடும்போது உன் பக்கத்தில் எந்த ஆட்டம் எத்தனை மணி நேரம் என்று ஒரு கணக்கு வந்தது. அந்தத் தோட்டம் போடுகிற ஆட்டம் மட்டும் அறுநூற்று எழுபது மணி நேரம். நீ அங்கே போய் இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. ரூம் நிறைய ஆள் இருக்காங்கம்மா, பொழுது போறதே தெரியல என்று ஒவ்வொரு வாரமும் சொல்கிறாய். நான் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. நாள் முழுக்க வெயில் படாத குடைவுக்குள் நின்று அளவு எடுத்துவிட்டு, அறைக்கு வந்து, ஒருவரோடும் பேசாமல் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறாய். அந்த ஒரு துணையையும் கழற்றி எனக்கு அனுப்பிவிட்டாய். இப்போது சாயங்காலம் என்ன செய்கிறாய், கண்ணா.

நான் நலம் நலம் என்று நான்கு மாதம் சொன்னேன், நீயும் அதே குரலில்தான் சொல்லிக்கொண்டிருந்தாய், இரண்டு பேருக்கும் காது சரியில்லை. எனக்காக வராதே என்றுதான் சொன்னேன். உனக்கு அங்கே முடியவில்லை என்றால் அது வேறு பேச்சு, அதற்கு நீ காரணம்கூடச் சொல்ல வேண்டாம், உன் கட்டிலில் அப்பா அடுக்கியிருக்கிற பழைய பேப்பரை எடுக்க எனக்கு அரை மணி நேரம் போதும். இருக்க முடியும் என்றால் இரு, ஆனால் எப்படி இருக்கிறாய் என்று உள்ளபடி சொல். இனிமேல் நீ கேட்டால் நானும் உள்ளபடிதான் சொல்வேன்.

நீ நல்ல உடம்போடும் நல்ல துணையோடும் நீண்ட நாள் வாழ வேண்டும், நீ தொட்ட வேலை எல்லாம் நேராக முடிய வேண்டும் என்று நானும் அப்பாவும் மனதார வாழ்த்துகிறோம். குடைவுக்குள் போகும்போது தலைக்கவசத்தின் வாரை இறுக்கிப் போடு, நீ அனுப்பிய படத்தில் தளர்வாகத் தொங்குகிறது. இதற்குப் பதில் போனில் வேண்டாம். காகிதத்தில் எழுது, நான் குறுக்கே பேச மாட்டேன்.

என்றும் உன் அன்பு
அம்மா