ஆறு எங்கே?

தங்கைக்கு,

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம்.

நம் குழுவினர் இன்னும் ஞாயிறுதோறும் ஆற்றங்கரைக்கு வருகிறார்கள். குப்பை அள்ளுகிறோம், நீர்மட்டம் குறிக்கிறோம். நீ நட்ட கன்றுகளில் பாதி பிழைத்துவிட்டன.

போன வாரம், புதிதாகச் சேர்ந்த பிளம்பர் பாலத்தூணில் நான் பெயிண்டால் எழுதிய அடிக்கணக்கையே வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஆறு எங்க சார்?" என்றார்.

"உங்க காலுக்குக் கீழதான் ஓடுது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

"அந்த ஆறு இல்ல சார். அஞ்சுக்கு அடுத்து ஏழு போட்டிருக்கீங்க."

மழைக்காலத்தில் நீ டேப் பிடித்து அளந்தது எப்போதும் என் தூணைவிட ஓர் அடி குறைவாகவே இருக்கும். நோட்டில் உன் அளவுகளை நான் கோடு போட்டு அடித்ததும், அத்தனை பேர் முன்னால் "முதல்ல கண்ணாடிய மாத்து" என்றதும் உனக்கு மறந்திருக்காது.

ஞாயிறன்று தூணைத் திருத்தி எழுதப் போகிறேன். நான் இறங்கி எழுத, மேலிருந்து ஒருவர் டேப்பைப் பிடித்து எண்களைச் சொல்ல வேண்டும். பிளம்பர், "நான் பிடிக்கிறேன் சார்" என்றார்.

வேண்டாம், அதற்கு ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

உன் அண்ணன்