கறுப்பி ஓடாத பந்தயம்

அண்ணை,

இன்று மத்தியானம் உங்கள் வீட்டில் அந்தக் கற்பூரத் தைலம் மணத்தது. உங்கள் நினைவு ஆண்டுப் பூசைக்கு வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு, கால் உளைகிறது என்று உங்கள் மனைவி, எங்கள் அக்கா, கதிரையில் சாய்ந்தார். உங்கள் மகள் போத்தலை எடுத்து வந்து தாயின் முழங்காலில் தேய்த்தாள். குதிரைக்குப் பூசுகிற தைலம். "மனிசருக்கும் குதிரைக்கும் நோ ஒண்டுதான்" என்று சொல்லி லாயத்திலிருந்து நீங்கள் கொண்டுவந்து பழக்கிய தைலம். அந்த மணம் வந்ததும், புறப்பட எழுந்த நான் மறுபடி இருந்துவிட்டேன்.

நீங்கள் வளர்த்த குதிரை கறுப்பிக்கு நீளமான இத்தாலியப் பெயர் ஒன்று இருந்தது. நீங்கள் ஒரு நாளும் அதைச் சொன்னதில்லை. அவளுக்குத் தீனி வைத்ததும், குளம்பு துடைத்ததும், அவளோடு தமிழில் கதைத்ததும் நீங்கள். நான் உங்கள் லாயத்து முதலாளியின் லொறிச் சாரதி. வைக்கோலும் குதிரையும் ஏற்றுவேன், அவ்வளவுதான். அந்த வருடம் இத்தாலியிலேயே வடக்கே நடக்கும் பெரிய தடைதாண்டும் பந்தயத்துக்கு அவளைக் கொண்டுபோகச் சொன்னார்கள். போட்டிக்கு வருகிற சாம்பல் குதிரையை அவள் முன்பே தோற்கடித்திருந்தாள். லாயத்தில் எல்லோரும் வென்றுவிட்ட மாதிரியே திரிந்தார்கள்.

எங்கள் தீவுத் துறைமுகத்தில் ஜெனோவாவுக்குப் போகும் கப்பல் காத்து நின்றது. இருட்டுக்குப் பயந்தவள் என்று நீங்கள் லொறியின் பின்பக்கத்தில் அவளோடு நின்றீர்கள். கப்பல்காரன் கையை வீசிக் கத்தினான், கெதியாய் ஏறு என்று. நானும் லொறியை வேகமாகக் கப்பல் சரிவில் ஏற்றினேன். சரிவின் நடுவில் ஒரு ஸ்கூட்டர் குறுக்கே வெட்டியது. பிறேக்கை மிதித்தேன். பின்னால் பலகை உடைகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அவள் போட்ட சத்தத்தை நான் எழுத மாட்டேன்.

நீங்கள் ஒரு வார்த்தை ஏசவில்லை. அவளுடைய முன்னங்காலை இரண்டு கையாலும் பிடித்தபடி, "லொறியைத் திருப்பு தம்பி, வீட்டை போவம்" என்றீர்கள். தசைநார் கிழிந்துவிட்டது, இனி ஓட மாட்டாள் என்று மிருக வைத்தியர் சொன்னார்.

பந்தயத்தை லாயத்துத் தொலைக்காட்சியில் பார்த்தோம். சாம்பல் குதிரைதான் வென்றது. ஆனால் கடைசி வேலியில் கால் இடறி, நாக்குத் தள்ள, நடக்கிற மாதிரித்தான் வந்து சேர்ந்தது. ஒருவரும் கைதட்டவில்லை. "எங்கட பெட்டை ஓடியிருந்தால்..." என்று யாரோ ஒருவன் இத்தாலிய மொழியில் தொடங்கினான். எல்லாக் கண்ணும் என் பக்கம் திரும்பியது. முதலாளியும் திரும்பினார்.

அப்போதுதான் நீங்கள் எழும்பினீர்கள். "இல்லை. அவள் வென்றிருக்க மாட்டாள்" என்றீர்கள் அவர்களுடைய மொழியில், எல்லோருக்கும் கேட்க. "இவ்வளவு தூரத்துக்கு அவளுக்கு மூச்சுக் காணாது, பாதியிலேயே களைத்துவிடுவாள். தினமும் ஓட்டிப் பார்க்கிறவன் நான். எனக்குத் தெரியும்."

என்னைப் பார்த்த கண்கள் உங்களிடம் போயின. சொந்தக் குதிரையைக் குறைசொல்கிறான் என்று ஒருவன் நிலத்தில் துப்பினான். நான் என்ன செய்தேன் தெரியுமா அண்ணை? நிம்மதியாக மூச்சு விட்டேன்.

அதற்குப் பிறகு கோயில் வாசலில் பேச்சு வந்தாலும், கடற்கரையில் சனத்தோடு நின்றாலும், நீங்கள் அதையே சொன்னீர்கள். எனக்கு அது பிடித்துப்போனது. ஒருமுறை ஒரு கல்யாண வீட்டில், "அது குதிரையே? கழுதை! நான் பிறேக் அடிச்சு முதலாளியின்ரை மானத்தைக் காப்பாத்தினன்" என்று நானே பகிடி விட்டேன். சனம் சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனீர்கள். சிகரெட் பிடிக்கப் போகிறீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் அப்போது சிகரெட்டை விட்டுக் கனகாலம்.

அடுத்த வருடம் புதிய குதிரையை முதலாளி வேறொருவனிடம் கொடுத்தார். தன் குதிரையை நம்பாதவனோடு குதிரை அனுப்ப மாட்டேன் என்றாராம். உங்களுக்குச் சாணி அள்ளுகிற வேலை மட்டும் மிஞ்சியது. பிறகு அதையும் விட்டுவிட்டு வியா மக்வேதாத் தெருவில் ஒரு தங்குவிடுதியின் படிகளைக் கழுவப் போனீர்கள். நான் ஏனென்று கேட்டேன். "முதுகு நோகுது, தம்பி. குதிரை வேலை செய்தது காணும்" என்றீர்கள். படி கழுவுவது முதுகுக்கு நல்லதா என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. நான் அதே லொறியைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

இன்று அந்தப் பந்தயம் நடக்கிற ஞாயிறு. மகள் தைலக் கையைத் துடைத்துக்கொண்டு தொலைக்காட்சியைப் போட்டாள்.

"அப்பா ஒரு வருசமும் விடாமல் பாக்கிறவர், சித்தப்பா" என்றாள். "பாத்துப்போட்டு ஒவ்வொரு முறையும் சொல்லுவார், கறுப்பி ஓடியிருந்தால் வெண்டிருப்பாள் எண்டு. மற்றக் குதிரையள் களைக்கிற இடத்திலைதான் அவள் ஓடவே தொடங்குவாளாம். சொல்லேக்கை கண் கலங்கிப்போகும்."

"பிள்ளை, வாயை மூடு" என்றார் அக்கா.

"ஏன் மம்மி? என்ன சொன்னனான்?"

அக்கா என்னைப் பார்க்காமல் சட்டையின் கரையை இழுத்து முழங்காலை மூடினார். "உங்களுக்குத் தெரியக்கூடாது எண்டவர், தம்பி. பாவம் அவன், பயத்திலை மிதிச்சவன், அதை ஆயுளுக்கும் சுமக்க வேணுமோ எண்டு கேட்டவர். நான் ஒண்டும் கதைக்கேல்லை."

தந்த தேத்தண்ணி ஆறிப்போயிற்று.

கறுப்பி வென்றிருப்பாளா? முதல் வேலியிலேயே விழுந்திருக்கலாம். வழியில் காய்ச்சல் கண்டிருக்கலாம். ஓடாத குதிரையைப் பற்றி யாரும் சத்தியம் செய்ய முடியாது. இதையெல்லாம் கதிரையில் இருந்தபடி எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஆனால் பிறேக்கை மிதித்தது தவறி நடந்தது, அண்ணை. அதற்கு நான் இவ்வளவு வெட்கப்பட வேண்டியதில்லை. ஊரெல்லாம் பார்க்க, நீங்கள் பிள்ளை மாதிரி வளர்த்தவளை நீங்களே பழித்தீர்கள். அந்தப் பழிப்புக்குள் நான் வசதியாகக் குந்தியிருந்தேன். போதாததற்கு அவளைக் கழுதை என்றும் சொன்னேன். உங்களுக்கு வேலை போனபோதும் எழும்பவில்லை. அதுதான் இன்றைக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் என்னை இருத்தியது.

திரையில் குதிரைகள் கடைசி வேலியை நெருங்கின. நான் மகளிடம் சொன்னேன்: "ஓம் பிள்ளை. அவள் வெண்டிருப்பாள். நான்தான் அவளை ஓடவிடாமல் பண்ணினனான்." இத்தனை வருடத்தில் முதல் தடவை. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நீங்கள் இப்பிடிச் சொன்னதை அப்பா கேட்டிருந்தால் சந்தோசப்பட்டிருப்பார்" என்றாள் மகள்.

பாவம், அவளுக்கு உங்களைத் தெரிந்தது அவ்வளவுதான். நீங்கள் அங்கே இருந்திருந்தால், என் வாய் மூடுவதற்குள் "இல்லை தம்பி, அவளுக்கு மூச்சுக் காணாது" என்று சொல்லியிருப்பீர்கள். மகளுக்கு முன்னாலும் சொல்லியிருப்பீர்கள். படியிறங்கி வரும்போது அந்தக் குரலைத்தான் கொண்டுவந்தேன், அண்ணை. இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது.