எழுதும் முன்பே சிவக்கும் கட்டங்கள்

இன்று காலை, நம் வேலைவாய்ப்புப் பதிவுப் பக்கத்தின் புதிய வடிவத்தைச் சோதிக்கத் திறந்தேன். ஓசூர்த் தொழிற்சாலைகளில் சேர வரும் பெண்களுக்காக நீயும் நானும் செய்த பக்கம். ஓர் எழுத்துகூடத் தட்டவில்லை. பெயர், ஊர், கைப்பேசி எண் என்று எல்லாக் கட்டங்களைச் சுற்றியும் சிவப்புக் கோடு. "இத வந்து பாரேன்" என்று உன் இருக்கைப் பக்கம் திரும்பிவிட்டேன். நீ இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது.

முதல் வடிவத்திலும் இதே கூத்துதானே நடந்தது. சிப்காட் தொழிற்பேட்டையில் பதிவு முகாம் போட்ட அன்று, கல்லாவியிலிருந்து வந்த ஒரு பெண் திரையைப் பார்த்தாள், பையை எடுத்தாள், நடந்துவிட்டாள். இணையம் நின்றுவிட்டதோ என்று நான் கம்பியை ஆட்டிக்கொண்டிருந்தேன். நீ பஸ் நிறுத்தம்வரை ஓடிப்போய் அவளை மறித்தாய்.

"அதான் ரிஜெக்ட்னு காட்டிடுச்சேக்கா" என்றாளாம்.

அவள் முன்பு உதிரிபாகத் தொழிற்சாலையில் இருந்தவள். அங்கே தேறாத பொருள் சிவப்புத் தொட்டிக்குப் போகும். போனதை யாரும் திரும்ப எடுப்பதில்லை. நம் வேலைக்கு வருமுன் நீயும் தரச்சோதனையில் இருந்ததால் உனக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை. அவளைக் கூட்டிவந்து பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பவைத்தாய்.

அப்போதைய மேலாளர், போகப்போகப் பழகிவிடும் என்றார். "பேனாவே எடுக்கல சார், அதுக்குள்ள தப்புன்னு சுழிச்சா எவ எழுதுவா?" என்று ஆரம்பித்தாய். தமிழில் திட்டி, தெலுங்குக்குத் தாவி, அவர் அசையாததால் கன்னடத்தில் முடித்தாய். உன் சண்டையில் எனக்கு இடமிருந்ததில்லை. அதன்பிறகுதான், ஒருவர் தவறாக எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனால் மட்டும் சிவப்பு, அதன் கீழே 'பத்து எண்கள் வேண்டும்' என்று தமிழில் ஒரு வரி, என மாற்றினோம்.

அந்த வரியையும் இப்போது தூக்கிவிட்டார்கள். பார்க்கச் சுத்தமாக இருக்கிறதாம். புதிதாக வந்திருக்கும் வடிவமைப்பாளரிடம் தொலைபேசியில் சொன்னேன். எந்தக் கட்டம் கட்டாயம் என்று முதலிலேயே தெரிய வேண்டாமா என்று கேட்டார். கட்டாயம் என்று எழுதிக் காட்டலாமே என்றேன். எல்லோரும் ஒப்புக்கொண்டாயிற்று, நாளைக் காலை முகாமில் இதுதான் என்றார். நாளை வரப்போகிறவர்களில் எத்தனை பேர் பேசாமல் எழுந்து போவார்கள், அவர்கள் பின்னால் யார் ஓடுவது என்று அவருக்குக் கேள்வியே இல்லை.

சோதிப்பவர் சரி என்று எழுதாமல் எந்தப் பக்கமும் வெளியாகாது. சோதனை முடிவில் 'வெளியிடக் கூடாது' என்று எழுதி அனுப்பினேன். உடனே அழைத்தார்.

"மேடம், ஒரு கலருக்காகவா நிறுத்துவீங்க?"

"நிறுத்துவேன்."

அடுத்து என்ன சொல்வதென்று தெரியாமல் அதையே இன்னொரு முறை சொன்னேன். அவர் சலித்துக்கொண்டு, நாளைக்குப் பழைய பக்கமே இருக்கட்டும் என்று வைத்துவிட்டார்.

உன் பங்குச் சண்டைகளையும் என் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறாய். எனக்கு அது வரவில்லை; ஒரே மொழியில், ஒரே சொல்லில்தான் போடத் தெரிகிறது. போட்டுக்கொண்டிருக்கிறேன்.