சந்திரவல்லிக்குச் சர்க்கரை இருந்தது

போடிநாயக்கனூர்
21.11.1982

அன்பு மகன் தவசிக்கு அப்பா காசிராஜன் ஆசீர்வதித்து எழுதுவது. நானும் உன் அம்மாவும் சந்திரவல்லியும் உன் மகனும் இங்கே இருக்கிறோம், பட்டாளத்தில் அந்தக் குளிரில் நீ உடம்பைப் பார்த்துக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும். இந்த வருடம் ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டது, குரங்கணிக்கு மேலே நம் ஏலக்காட்டுக்குப் போகிற பாதையில் மண் சரிந்து ஜீப்பு பாதியிலேயே நின்றுவிடுகிறதாம். நான் காட்டுப் பக்கம் போய் ரொம்ப நாளாகிறது. காய் பழுத்து உதிர்ந்திருக்கும், உதிரட்டும். ஆண் குழந்தை, தாயும் பிள்ளையும் நலம் என்று தந்தி கொடுத்தேனே, அதில் முன்பாதி மட்டும்தான் உண்மை அப்பு. எல்லையில் நிற்கிறவன் மனசு கலங்கக் கூடாது என்றுதான் அப்படிக் கொடுத்தேன் என்று சந்திரவல்லியிடம் சொன்னேன். "அவருக்காகக் குடுத்தீங்களா மாமா, உங்களுக்காகக் குடுத்தீங்களா" என்று கேட்டாள். சத்தமாகக் கூடக் கேட்கவில்லை. அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தாயில்லாத பெண், தலைப்பிரசவத்தை நம் வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறோம் என்று அவள் அப்பாவிடம் வற்புறுத்திக் கேட்டு வைத்துக்கொண்டது நான்தான். ஆறாம் மாதம் தாண்டியதும் அவளுக்கு ஓயாத தாகம், சொம்பு சொம்பாகக் குடித்தும் நாக்கு வறண்டுபோகிறது என்பாள், அடிக்கடி கொல்லைப்பக்கம் போய்வருவாள். உன் அம்மா கர்ப்பச் சூடு என்றாள், நானும் அதையே சொன்னேன். ஆவணிக் கடைசியில் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனபோது நீரைச் சோதித்துப் பார்த்துவிட்டு, இதில் சர்க்கரை இருக்கிறது, கர்ப்பத்தில் சிலருக்கு இப்படி வரும், தள்ளிப்போடாமல் மதுரைக்குப் போய்ச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்றார். பிறந்த வீட்டில் யாருக்காவது சர்க்கரை உண்டா என்றும் கேட்டார். சந்திரவல்லி வாயைத் திறந்தாள். அவள் அம்மா காலில் வந்த புண் ஆறாமலே போய்ச் சேர்ந்தது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் சொல்வதற்குள் நான் முந்திக்கொண்டு, "அப்படி யாருக்கும் இல்லீங்கம்மா" என்று சொல்லிவிட்டேன். வெளியே மலைக்குப் போகிற ஜீப்பு ஆட்களை ஏற்றிக்கொண்டு எனக்காக நின்றிருந்தது. வேறு காரணம் எதுவும் கிடையாது. எவ்வளவோ யோசித்துப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

மதுரைக்கு எப்ப மாமா போவோம் என்று அவள் கேட்டபோதெல்லாம் இந்தக் காய் எடுப்பு முடியட்டும் ஆத்தா என்றேன். பக்கத்து வீட்டுக் கருத்தம்மாளைத் துணைக்கு வைத்துக்கொண்டு பஸ்சிலேயே போய்வந்துவிடுகிறேன் என்றுகூடச் சொன்னாள். பிள்ளைத்தாச்சி பஸ்சில் குலுங்கிப் போவதா, நானே கார் வைத்துக் கூட்டிப்போகிறேன் என்று தடுத்துவிட்டேன். கார் வைக்கவும் இல்லை. வீட்டில் உன் அம்மாவிடம், இனிப்பைக் கொஞ்சம் குறைக்கச் சொல்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். "வாயும் வயிறுமா இருக்கவளுக்கு ஆசைப்பட்டதக் குடுக்காம என்ன" என்று அவள் கருப்பட்டிப் பணியாரமும் அல்வாவும் கொடுத்துக்கொண்டே இருந்தாள். வயிறு நன்றாக எடுத்துத் தெரிந்ததைப் பார்த்து நாங்கள் இரண்டு பேரும் பூரித்துப்போனோம்.

ஐப்பசியில் வலி எடுத்த அன்று காலையில் நான் மலையில் இருந்தேன், தகவல் வந்து இறங்கி வருவதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. பிள்ளையின் தலை வெளியே வந்துவிட்டது, தோள் உள்ளே மாட்டிக்கொண்டது. டாக்டரம்மாவும் நர்சுகளும் பட்ட பாடு எனக்குக் கதவுக்கு வெளியே கேட்டது. பத்து ராத்தல், நாலரைக் கிலோப் பிள்ளை தவசி. ஒருவழியாக எடுத்துவிட்டார்கள், சந்திரவல்லிக்குக் கிழிந்து ரத்தம் நிற்காமல் போனது, ரத்தம் ஏற்றித்தான் காப்பாற்றினார்கள். பிள்ளை அழுதது, பிறகு கையும் காலும் வெடவெடவென்று நடுங்க ஆரம்பித்தது. டாக்டரம்மா வெளியே வந்து, "தாய் ரத்தத்துல இருக்க சர்க்கரை பிள்ளைக்கும் போயிக்கிட்டு இருந்துச்சு, அதுலதான் இப்படிப் பெருத்திருக்கு. கொடிய அறுத்ததும் அந்த வரத்து நின்னுபோச்சு, இப்ப அதுக்குச் சர்க்கரை கிடுகிடுன்னு எறங்குது, வெரசா மதுரைக்குக் கொண்டு போங்க" என்றார். அவ்வளவு நாளாக நான் வைக்காத காரை அன்றைக்கு வைத்தேன். உன் அம்மா மடியில் பிள்ளை, அவன் கையில் குளுக்கோஸ் ஏறுகிற ஊசி. தேனி தாண்டும்வரை அந்த நடுக்கம் நிற்கவில்லை. உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் நின்றது, நின்றதும் எனக்குப் பயம் இன்னும் கூடிவிட்டது, பிறகுதான் தூங்குகிறான் என்று தெரிந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் நல்லபடியாகப் பார்த்துத் தேற்றி அனுப்பினார்கள். இப்போது நன்றாகப் பால் குடிக்கிறான். ஆனால் வலது கையைத் தூக்குவதில்லை. தோள் மாட்டியபோது கழுத்து நரம்பு இழுபட்டிருக்கிறது என்கிறார்கள். மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்தால் வரலாம், முழுக்க வருமா என்பதைச் சொல்ல முடியாது என்றார்கள். விரல் அசைகிறது, முழங்கை இன்னும் இல்லை. தினமும் சந்திரவல்லிதான் மெதுவாக மடக்கி நீட்டுகிறாள், என்னிடம் கொடுப்பதில்லை, நானும் கேட்பதில்லை. அவளுக்கு இப்போது சர்க்கரை இறங்கிவிட்டது, ஆனால் பின்னாளில் திரும்ப வரக்கூடும், வருடா வருடம் பார்க்க வேண்டும், அடுத்தது உண்டானால் தொடக்கத்திலிருந்தே பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். இதை என்னை நம்பி விட்டுவிடாதே, நீயே கவனமாக இரு. உன் அம்மாவுக்கு டாக்டரம்மா சொன்னதில் பாதியை நான் சொல்லவே இல்லை, அவள் இப்போது அடுப்பங்கரையில் அல்வாச் சட்டியைப் பார்த்தாலே அழுகிறாள். கோபத்தை எனக்கு எழுது, அவளுக்கு எழுதாதே. இதை எழுதி முடித்ததும் சந்திரவல்லியிடம் படித்துக்காட்டினேன், ஏதாவது சேர்க்க வேண்டுமா என்றேன். "டாக்டரம்மா கேட்டதுக்கு நான் பதில் சொல்ல இருந்தேன்னு எழுதியிருக்கீங்கல்ல, அது போதும்" என்றாள்.

பரமசிவன் உனக்குத் துணையிருப்பார், நீயும் உன் பிள்ளையும் நூறு வயது இருக்க வேண்டும். தை மாதம் லீவில் வருவாய் என்று எல்லோரும் காத்திருக்கிறோம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. வாசலில் நுழைந்து பிள்ளையை வாங்கும்போது முதலில் கையைப் பார்த்துவிடாதே, முகத்தைப் பார். சந்திரவல்லி உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

உன் அப்பா,
சி. காசிராஜன்